இருளாயியின் முகம்

பசுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருக்கிறாளே ஐரின், அவள் கதை இது. நடுவிலேயே ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிடாதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் யாருக்காக உச்சுக்கொட்டுவது என்று முடிவு பண்ணுங்கள்.

ஐரினுக்கு வயது முப்பத்தெட்டு. டி.சி. எழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது, ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் இருந்த இடம் வேறு. எழுத்தாளர் அருள்பாண்டியின் நாவல்களில் வருகிற ஆட்களைக் கறுப்பு மையில் படம் படமாக வரைந்து தள்ளுவாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வரைவாள். வரைந்ததை ஃபேஸ்புக்கில் போடுவாள். நாலு பேர் பாராட்டினால் அன்றைக்குச் சோறு ஒரு பிடி கூட இறங்கும். பாராட்டவில்லை என்றால் வீட்டில் அம்மாவுக்குத்தான் அர்ச்சனை.

அருள்பாண்டி எழுதியது ஒன்பது நாவல். அதில் 'ஏழாம் மடை'யை மட்டும் அவள் இருபது தடவைக்கு மேல் வாசித்திருக்கிறாள். இருளாயி என்கிற பெண்ணின் கதை. புருஷன் தினமும் குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஒருநாள் சாராயத்துக்காக அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்ததில் இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கியது. அந்தக் காதோடு அவள் மீன்குழம்பு வைத்தாள். பயிருக்குப் போடுகிற குருணை மருந்தை அதில் கலந்தாள். வயலில் பூச்சி கடித்துவிட்டது என்று அழுது ஊரை நம்பவைத்தாள். அந்தப் பக்கத்தில் பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே நாவல் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

நாவல் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்குப் படங்களோடு ஒரு பதிப்பு போடப்போவதாகப் பதிப்பாளர் அறிவித்தார். படம் யார்? ஐரின். ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு அவர்களாகவே கூப்பிட்டார்கள். உள்பக்கத்தில் 'படங்கள்: ஐரின்' என்று அச்சில் வரும். 'இன்னும் பொம்மை போட்டுக்கிட்டுத்தான் இருக்கியா?' என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிற வாய்களையெல்லாம் அந்த ஒரு வரி அடைத்துவிடும். இருபது வருஷமாக அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அருள்பாண்டியின் வீடு அவனியாபுரத்தில். ஐரின் போய்க் கும்பிட்டு நின்றபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பன்னெண்டு படம் போடும்மா. கம்மாயப் போடு, மடையப் போடு, மாட்டப் போடு, என்னத்த வேணாலும் போடு. இருளாயி மூஞ்சிய மட்டும் போடக்கூடாது."

"ஏன் சார்? கதையே அவளப் பத்தித்தான?"

"வாசிக்கிற ஒவ்வொருத்தன் மனசுலயும் ஒரு இருளாயி இருக்கா. அத நீ கெடுக்காத. முதுகக் காட்டு, கையக் காட்டு. மூஞ்சி வேணாம்."

சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாளே தவிர, அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பொண்ணு இல்லாமல் கல்யாண ஆல்பம் போட்ட மாதிரி ஆகிவிடாதா? பெரிய மனுஷர் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மனசுக்குள் மட்டும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நிஜமான மடை ஒன்றைப் பார்த்து வரைவோம் என்று மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி அருள்பாண்டியின் சொந்த ஊருக்கே போனாள். திருவாதவூரைத் தாண்டிப் போகவேண்டிய ஒரு சின்ன ஊர். கம்மாய்க்கரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று முதல் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஒரு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அறுபதை எட்டப்போகிற வயது. நிமிர்ந்து பார்த்தாள். ஐரினுக்குத் தண்ணீர்த் தாகம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இடது காது கீழே இரண்டாகப் பிளந்திருந்தது. மூக்கோரத்தில் ஒரு மரு. வலது புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக, எதையோ நம்பாத மாதிரி. நாவலின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல் அந்த முகம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, உங்கள ஒரு படம் வரையட்டுமா?"

"என்னையவா? எம் மூஞ்சியில என்னத்தா இருக்கு?"

அப்படிக் கேட்டாளே ஒழிய அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் அசையவில்லை. பேர் சின்னத்தாய். நடுவில் எழுந்துபோய்ச் சோறும் கீரைக்குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, "தின்னுட்டு வரையித்தா, பசியோட கை ஓடாது" என்றாள். ஐரின் வழித்துத் தின்றாள்.

"எழுத்தாளர் அருள்பாண்டி சார் இந்த ஊர்தானம்மா?"

"அருளு என் தம்பிதான். நான் இடுப்புல தூக்கி வளத்த பய. என்னமோ புஸ்தகமெல்லாம் எழுதுறானாமே. எனக்கு எழுத்துத் தெரியாது. எம் மகன் தவசி பேப்பர்ல சினிமாப் பக்கம் பாப்பான், அம்புட்டுத்தான். நல்லதாத்தான எழுதுவான்?"

"ரொம்ப நல்லா எழுதுவாரும்மா." ஐரின் பேனாவை நிறுத்தாமலே கேட்டாள். "உங்க வீட்டுக்காரர்?"

"அவரு போயி முப்பத்து மூணு வருசமாச்சு தாயி. தண்ணி பாய்ச்சப் போன எடத்துல பூச்சி கடிச்சிருச்சு. தவசிக்கு அப்ப மூணு வயசு."

பேனா நின்றுவிட்டது. இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியாத முட்டாள் இல்லை ஐரின். எதிரில் இருக்கிறவள் என்ன செய்தவள் என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நம்மில் யாராக இருந்தாலும் ஈரக்குலை நடுங்கியிருக்கும். அல்லது ஐயோ, இவளை இந்தப் பாடு படுத்தினானே அந்தப் பாவி என்று மனசு கலங்கியிருக்கும். ஐரினுக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். ஆண்டவரே, நான் இருளாயியை நேரில் பார்த்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. தின்ற சோறு யார் கைச்சோறு என்கிற நினைப்புகூட அவளைத் தொடவில்லை. வரைய மிச்சமிருந்த காதை இன்னும் கவனமாகப் பார்த்து முடித்தாள்.

படத்தைப் பார்த்துச் சின்னத்தாய் வெட்கப்பட்டாள். "அப்பிடியே இருக்கேனே" என்றாள். ஐரின் வீட்டுக்கு வந்து அந்த முகத்துக்குக் கீழே மண்சட்டியையும், ஒரு கையில் கரண்டியையும், இன்னொரு கையில் மருந்துப் பொட்டலத்தையும் வரைந்து சேர்த்தாள்.

மறுநாள் சர்ச் முடிந்த கையோடு படத்தை அவனியாபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பார்த்ததும் மனுஷர் மனம் மாறிவிடுவார் என்று நம்பினாள். அருள்பாண்டி கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"எங்க ஊருக்குப் போனியா?"

"ஆமா சார். உங்க அக்காவப் பாத்தேன்."

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவ எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. ஊருக்குள்ள எவனும் வாசிக்கமாட்டான்னு தெரிஞ்சுதான் எழுதுனேன். நான் எழுதுனா அது கதை. நீ வரைஞ்சா அது சாட்சி. இங்கயே கிழிச்சுப் போடு."

ஐரின் கிழிக்கவில்லை. படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காள் ரகசியத்தை விற்றுப் பேர் வாங்கின மனுஷருக்கு அடுத்தவள் மேல் கோபம் வருவதைப் பாருங்கள்.

"உனக்கென்னமோ பெரிய ஓவியர்னு நெனப்பா? நீ பண்ணுறது நகல் எடுக்கிற வேலை. ஜெராக்ஸ் மிசின் பண்ணுற வேலை. சொந்தமா ஒரு கோடு போட வக்கிருக்கா உனக்கு? இந்தப் படம் வெளிய வந்துச்சுன்னா புஸ்தகத்துல உன் பேரு இருக்காது. போ."

ஜெராக்ஸ் மிசின். அந்தச் சொல் வில்லாபுரம் தாண்டியும் காதில் ஒலித்தது, பெரியார் பஸ் ஸ்டாண்டு தாண்டியும் ஒலித்தது. யாருடைய எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளோ அவர் வாயாலேயே கேட்டுவிட்டாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் மத்தியானம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாள். 'ஏழாம் மடையின் இருளாயி' என்று மட்டும் எழுதினாள். ஊர் பேர் போடவில்லை, ஆள் பேர் போடவில்லை, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விடுவதற்குள் ஆயிரம் பேர் பாராட்டியிருந்தார்கள். மறுநாளே பதிப்பாளரின் ஆபீசிலிருந்து ஒரு பையன் ஃபோன் பண்ணி, உங்கள் பேரை எடுத்துவிடச் சொல்லி ஐயா சொல்லியிருக்கிறார் என்றான். ஐரின் அழுதாள். படத்தை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அருள்பாண்டிக்கு ஒரு விருது கிடைத்தது. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் வைக்காவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில் வராது. அவர் ஊர் இளவட்டங்கள் சும்மா இருப்பார்களா? 'எழுத்துலகச் சிங்கமே, எங்கள் மண்ணின் தங்கமே' என்று பத்தடிக்கு எட்டடியில் ஒன்று அடித்தார்கள். இடது பக்கம் அருள்பாண்டி, கீழே வரிசையாக இளவட்டங்களின் தலைகள். வலது பக்கம் வெறுமையாக இருக்கிறதே, அண்ணன் புத்தகப் படம் ஏதாவது போடுவோம் என்று செல்லில் தேடினார்கள். முதலில் வந்தது ஐரினின் படம். யாரோ பொம்பளை சமைக்கிறாள், அம்சமாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். நாவலை அவர்களில் ஒருத்தன் படித்திருந்தால்தானே? அச்சடித்தவனுக்கும் தெரியாது, கட்டினவனுக்கும் தெரியாது.

காலையில் நூறுநாள் வேலைக்குப் போன பெண்கள்தான் முதலில் நின்றார்கள்.

"இது நம்ம சின்னத்தாயி மதினியில்ல?"

"அதே காது. அதே மருவு."

"தம்பிக்காரன் அக்காள மறக்காம போட்டுருக்கான் பாரு."

அதோடு சந்தோஷமாகப் போயிருப்பார்கள். மேலூர்க் கல்லூரியில் தமிழ் படிக்கிற பெண் ஒருத்தி பஸ்ஸுக்கு நின்றாள். ஏழாம் மடை அவளுக்குப் பாடம். கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். அதுவரை அவளுக்கே எதுவும் தோன்றியதில்லை. படத்துல கையில என்ன பாப்பா பொட்டலம், மசாலாவா என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பெண் படத்தையே பார்த்துக்கொண்டு, குருணை மருந்து என்று சொல்லிவிட்டாள். அப்புறம் மிச்சக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. எழுத்து இருபத்தைந்து வருஷமாக மூடிவைத்திருந்ததைப் படம் ஒரு காலைப்பொழுதில் திறந்துவிட்டது.

செத்துப்போனவனின் தம்பி மொக்கையன் அன்றைக்கே பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். சின்னத்தாய் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகன் தவசி அடிக்கவில்லை, வீட்டைவிட்டு விரட்டவில்லை. மருமகள் தமிழ்ச்செல்வி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பைச் சட்டியோடு தூக்கிப்போய் வாய்க்காலில் கொட்டினாள். "இனிமே நீங்க அடுப்படிக்கு வரவேணாம் அத்தை" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் சின்னத்தாய் தொட்ட தண்ணீரைக்கூட யாரும் குடிப்பதில்லை. பேரப்பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். தவசி பிள்ளை வாய்க்குள் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தான். முப்பத்து மூணு வருஷம் ஆக்கிப்போட்ட கை, மடியில் சும்மா கிடந்தது.

பத்து நாள் கழித்து சின்னத்தாய் பசுமலைக்கு வந்தாள். பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். எந்தப் பஸ்ஸில் ஏறி, யாரிடம் விசாரித்து வந்தாளோ. ஐரினுக்கு அவளைப் பார்த்ததும் முதலில் ஓடி ஒளியத்தான் தோன்றியது.

"உன்னையத் திட்ட வரல தாயி. ஒரே ஒரு உதவி. ஊருக்கு வந்து, நான் இந்தம்மாளப் பாத்ததே இல்ல, மனசுல தோணுன மூஞ்சியத்தான் போட்டேன்னு எம் மகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. நீ வந்தன்னைக்கு எல்லாரும் காட்டுல கெடந்தாக. உன்னைய யாரும் பாக்கல. அவனுக்கும் நம்பத்தான் ஆசை. நம்புறதுக்கு ஒரு பிடி கெடைக்காமத்தான் தவிக்கிறான்."

"அம்மா, நான்..."

"எனக்கு வேற எதுவும் வேணாம். எம் பிள்ளை என் கையால ஒரு வாய் சோறு திங்கணும். நீ தின்னியேத்தா. உனக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

ஐரின் அழுதுவிட்டாள். கட்டாயம் வாரேன், ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று கையைப் பிடித்துச் சொன்னாள். அப்போது அவள் மனசார்த்தான் சொன்னாள், அதில் பொய்யில்லை.

சனிக்கிழமை பதிப்பாளரே ஃபோன் பண்ணினார். இருளாயி நிஜத்திலேயே இருக்கிறாளாம் என்று ஊரெல்லாம் இதே பேச்சு, வந்திருக்கிற ஆர்டரைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றார். அந்த முகத்தையே முன்னட்டையில் போடலாம், ஐயாவும் சம்மதித்துவிட்டார்.

"சாரா? அவரா சம்மதிச்சாரு?"

"இனி மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு சொல்லிட்டாரும்மா. உங்க பேரு உள்ளபக்கம் இல்ல, அட்டையிலயே வரும். நேர்ல பாத்து வரைஞ்ச முகம்னு ஒரு வரி போடுவோம். அதுதான் விசேஷமே."

ஐரின் சரி என்றாள். நாளைக்கு ஊரில் போய் அப்படியில்லை என்று சொல்லப்போகிறவள், இன்றைக்கு இதற்கும் சரி என்றாள். அந்த ஊரில் யார் புத்தகம் வாசிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அருள்பாண்டியிடம் அவள் படித்த பாடம் வேறு எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராகப் போனாள். மொக்கையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்துச் சொந்தம் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். மொக்கையன் ஏற்கெனவே தீர்ப்பு மாதிரி சொல்லி வைத்திருந்தார்: படம் போட்ட டீச்சரம்மா வந்து சொல்லட்டும், சொன்னால் எல்லோரும் இந்த வீட்டில் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவோம். பள்ளிக்கூடத்தில் வேலை என்றால் ஊருக்கு எல்லோரும் டீச்சர்தான். அதனால் அன்றைக்கு அடுப்படி சின்னத்தாய் கைக்கு வந்திருந்தது. கத்திரிக்காய்க் குழம்பு வாசம் வாசல்வரை வந்தது. விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே கிடந்த முகம், வியர்வையோடு கதவோரத்தில் எட்டிப்பார்த்தது.

தவசி முகம் வற்றிப்போய் இருந்தான். "டீச்சர், எங்கம்மாவ நீங்க இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்லண்ணே. கதையப் படிச்சேன். மனசுல தோணுனத வரைஞ்சேன். இந்தம்மாவ இன்னைக்குத்தான் பாக்குறேன்."

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள். தவசி மேல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "அம்மா, சோத்தப் போடு" என்றான். சின்னத்தாய் ஓடிப்போய்த் தட்டு வைத்தாள். தமிழ்ச்செல்வி தண்ணீர் எடுத்து வைத்தாள். சின்னத்தாய் சோறு வைத்துக் குழம்பை ஊற்றினாள். ஐரின் அப்போதே எழுந்து வந்திருக்கலாம். போய்வாரேன் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் பாக்கி. அவள் உட்கார்ந்திருந்தாள்.

பாரம் இறங்கினால் ஜனங்களுக்கு வாய் நீளும். மொக்கையன் செல்லில் அந்தப் படத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். "இதப் பாத்துட்டா இம்புட்டுக் கூத்தும்? ஏப்பா, இது எங்க மதினி மாதிரியா இருக்கு? மூக்கப் பாரு, அமுக்கி வச்ச மாதிரி."

"கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் போகுது மாமா" என்றாள் ஒருத்தி.

"காது மட்டுந்தான் ஒத்து வருது. காது கிழிஞ்சவ நாட்டுல எம்புட்டுப் பேரு."

தவசி சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. "நானும் மொதல்லயே நெனச்சேன் சித்தப்பா. இது எங்கம்மாவே இல்ல. பேய் மாதிரில்ல இருக்கு. டீச்சருக்கு ஆள வரைய வராது போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஐரினுக்குக் காது சூடேறியது. இது அவளைக் கேலி செய்கிற சிரிப்பு இல்லை, ஒரு பெண்ணை மறுபடி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிற சத்தம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். சின்னத்தாயும் வாசற்படியில் உட்கார்ந்து, மகன் கை சோற்றை உருட்டுவதையே பார்த்துக்கொண்டு, சந்தோஷத்தில் தன் பங்குக்குச் சொன்னாள்:

"எனக்கு இப்பிடியா மூக்கு இருக்கு? படம் போடத் தெரியாத புள்ள பாவம். என்னமோ கிறுக்கி வச்சிருக்கு."

அப்பிடியே இருக்கேனே என்று சொன்ன அதே வாய். ஐரின் எழுந்து நின்றாள்.

"மூக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள். "மூணு மணி நேரம் எதுர்ல உக்காந்து பாத்து வரைஞ்சது. ஒரு கோடு தப்பில்ல."

தவசியின் கை வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவன் ஐரினைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். உருண்டையைத் தட்டிலேயே வைத்தான். கத்தவில்லை. எழுந்துபோய்க் குழாயடியில் கையைக் கழுவினான். நகக்கண் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மொக்கையன் செல்லைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஐரினுக்கு, தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எடுத்த வார்த்தையைத் திரும்பப் போட இடம் இருக்கவில்லை.

சின்னத்தாய் அவளைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகன் விட்டுப்போன தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். அவன் உருட்டி வைத்த உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். அப்புறம் அடுத்தது. அவசரமில்லாமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல், குழம்பை விரலால் வழித்து எல்லாவற்றையும் தின்றாள். சுற்றி நின்றவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்ச்செல்வி ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. சின்னத்தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறமும் ஒருத்தரும் சோற்றுப்பானைப் பக்கம் போகவில்லை. பேரப்பிள்ளை பசிக்கிறது என்று அழுதது. தமிழ்ச்செல்வி அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அந்த ஒரு மணி நேரமும் ஐரின் அங்கேதான் நின்றாள். முதலில் உண்மையாகவே தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள். காலித் தட்டு, அதன் மேல் காய்ந்துபோகிற கை, சுவரோரம் வரிசையாக நிற்கிற முகங்கள், வாசல் வெளிச்சம் அந்தக் காதின் பிளவில் விழுகிற விதம் என்று அவள் கண் ஒவ்வொன்றாக அளந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து சர்ச் நோட்டீசை எடுத்து, அதன் பின்பக்கத்தில் மறந்துவிடுவதற்குள் கோடுகளைப் போட்டு வைத்துக்கொண்டாள்.

புத்தகம் தை மாதம் வந்துவிட்டது. அட்டையில் இருளாயியின் முகம், அதன் கீழே ஐரினின் பேர். கடைசிப் பக்கத்துப் படத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சோறு தின்கிறாள், ஊர் நின்று பார்க்கிறது. அருள்பாண்டி மேடையிலேயே அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி, இது என் நாவலில் இல்லாத காட்சி, முழுக்க முழுக்க இந்தப் பெண்ணின் சொந்தக் கற்பனை என்று பாராட்டினார். ஐரின் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டாள்.